பாத்திட்டுப் போங்கோ, எடுக்க வேணுமெண்டில்லை

பிற்பகலில் அந்தக் கடைக்குள் கடல் வந்துவிடும். வெயில் சாயத் தொடங்கியதும் உள்துறைமுகத்துத் தண்ணீரில் பட்ட வெளிச்சம் தெருவைக் கடந்து, வாசலால் நுழைந்து, மேலே கூரைப் பலகையில் நெளிந்து கொண்டிருக்கும். அலுமாரிகளில் அடுக்கியிருந்த துணிக் கட்டுகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற மாதிரி இருக்கும். நான் வெள்ளை விரித்த பாயில் ஒரு ஓரமாக இருந்து மேலே பார்த்துக்கொண்டிருப்பேன். முதலாளி மேசை லாச்சியை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டால்தான் நான் கடையில் இருக்கிறேன் என்பது நினைவுக்கு வரும்.

இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஆனால் அந்த வெளிச்சம் மட்டும் கண்ணை மூடினாலும் நெளிகிறது. அதனால்தான் இதை எழுத நினைத்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அந்தப் புடவைக் கடைக்கு வேலைக்குப் போனது, வெள்ளைக்காரருடைய கப்பற்படை திருகோணமலையை விட்டுப் போன பிறகு. அதுவரை என் கணவர் கப்பற்படைக் குசினியில் வேலை செய்தார். அவர்கள் போனதும் அந்தக் குசினி அடுப்பு அணைந்தது. எங்கள் வீட்டு அடுப்பும் இடைக்கிடை அணைந்தது. சில மாதம் அவர் கடற்கரையில் போய் இருந்து கப்பல்களைப் பார்த்துவிட்டு வருவார். பிறகு ஒரு நாள், தேயிலை ஏற்ற வந்த பிறநாட்டுக் கப்பல் ஒன்றில் குசினி வேலை கிடைத்தது என்று வந்து சொன்னார். இறங்குதுறையில் நின்று, தோளில் பையோடு, "இந்தத் துறைக்குத்தான் திரும்பி வருவன். நீ இஞ்சையே இரு" என்றார். நான் தலையாட்டினேன். அந்த வயதில் நான் தலையாட்டுவதைத் தவிர வேறு பெரிதாக ஒன்றும் பேசியதில்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் எங்களுக்கு ஒரு வாடகை அறையும் அதோடு ஒட்டின சின்னக் குசினியும் இருந்தன. யன்னலைத் திறந்தால் கப்பல்களின் கொடிமரத் தலைகள் மட்டும் தெரியும். முதலில் படம் போட்ட கடுதாசிகள் வந்தன. எல்லாவற்றிலும் நான் பார்த்திராத துறைமுகங்கள். பிறகு அவை குறைந்தன. பிறகு நின்றுவிட்டன.

தம்பலகாமத்தில் வயல் செய்கிற என் தமையன் மாதா மாதம் பஸ்ஸில் அரிசி கொண்டுவந்து வைத்துவிட்டு, குசினி வாசலில் நின்று அதே கதையைத்தான் சொல்லுவார். "எத்தினை நாளைக்கு இந்தக் கப்பல் பாக்கிற வேலை? வா, வீட்டில இரு. மச்சாளுக்கும் ஒத்தாசை."

தம்பலகாமம் ஒன்றும் அக்கரைச் சீமை இல்லை. என் கணவர் திரும்பி வந்தால் அங்கே தேடி வர வழி தெரியாதவரும் இல்லை. ஆனால் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால், அவர் இனி வரமாட்டார் என்று ஊரோடு சேர்ந்து நானும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதுதான் எனக்கு ஏலாமல் இருந்தது. அங்கேயே இருக்க வேண்டுமானால் எனக்கென்று ஒரு வேலை வேண்டும். அப்படித்தான் கடைக்குப் போனேன்.

முதலாளி என்னை எடுத்ததற்குக் காரணம் இருந்தது. உள்பாவாடை, உள்சட்டை போன்ற சாமான்களை ஆண்களிடம் கேட்கப் பெண்களுக்குக் கூச்சம். அதற்கென்று கடையின் பின்பக்கத்தில் ஒரு திரை கட்டி, என்னை அங்கே நிறுத்தினார். அந்த வியாபாரம் நன்றாகவே நடந்தது. வருகிறவளும் நிலத்தைப் பார்ப்பாள், நானும் நிலத்தைப் பார்ப்பேன். அவள் விரலால் காட்டுவாள், நான் எடுத்துக் கொடுப்பேன். இரண்டு பேருக்கும் நிம்மதி. ஆனால் திரைக்குப் பின்னால் மட்டும் ஒரு ஆளை வைத்திருந்தால் கட்டாது என்று, முன்பாயிலும் இருந்து சேலை, துணி விற்கச் சொன்னார். அங்கேதான் என் பாடு திண்டாட்டமாயிற்று.

முன்பாய்க்கு அரசன், கடையின் பழைய ஆள். நான் அவரை அண்ணை என்பேன். வெற்றிலை போட்ட வாய், நல்ல மனம், நிற்காத கதை. அவருடைய முறை ஒன்றுதான்: விரிப்பது. வந்தவர் ஒரு துணியைக் கேட்டால் அவர் அலுமாரியே இறங்கி வந்தது போல் கட்டுக் கட்டாக எடுத்து, காற்றில் வீசி, பாய் முழுக்க விரிப்பார். துணி மலை மாதிரி குவியும். வந்தவர் அந்த மலையைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பாடுபடுத்திவிட்டு எப்படி வெறுங்கையோடு எழும்புவது என்று கூச்சப்பட்டு எதையாவது எடுப்பார். போதாதற்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையிலிருந்து கலர் சோடா ஒன்று வரும். அதைக் குடித்தவர் ஒன்றும் எடுக்காமல் எழும்பிப் போனதை நான் பார்த்ததில்லை.

"ஒரு கட்டை விரிச்சால் பாப்பினம்," என்று எனக்குப் பாடம் சொல்லுவார். "பாய் நிறைய விரிச்சால் வெக்கப்படுவினம். வெக்கப்பட்டால் எடுப்பினம். விளங்குதோ? வெக்கம் எண்டது வாறவைக்கு வரவேணும் தங்கச்சி. நீங்கள் என்னெண்டால் கடையில இருக்கிற வெக்கம் முழுசையும் நீங்களே எடுத்து வைச்சுக்கொண்டிருக்கிறியள்!"

முதலாளி லாச்சிக்குப் பின்னால் இருந்து சிரிப்பார். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு நாள் ஒரு பெண்ணிடம், இந்தச் சேலை உங்களுக்கு வடிவு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வடிவு என்ற சொல் வருவதற்குள் குரல் உள்ளே போய்விட்டது. "என்ன பிள்ளை, என்ன சொன்னனீங்கள்?" என்று அவள் குனிந்து கேட்டாள். "ஒண்டுமில்லை" என்றேன். அவளும் ஒன்றும் எடுக்காமல் போனாள்.

மூதூரில் இருந்தும் கிண்ணியாவில் இருந்தும் முஸ்லிம் சனம் பெருநாளுக்குத் துணி எடுக்க எங்கள் தெருவுக்குத்தான் வரும். மூதூர்ச் சனம் லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகில் குடாவைக் கடந்து காலையில் வந்து, பின்னேர லோஞ்சில் திரும்பும். பழைய ஆள் அதையும் ஒரு கயிறாக்கி வைத்திருந்தார். முதலில் ஆறுதலாக, மெல்ல மெல்ல விரிப்பார், கதை சொல்லுவார், நேரத்தை ஓட்டுவார். பிறகு திடீரென்று தெருவை எட்டிப் பார்த்து, "ஐயோ, லோஞ்ச் போகப்போகுது, கெதியா எடுங்கோ!" என்பார். சனம் பதறிக் கையில் கிடைத்ததைக் கட்டச் சொல்லும்.

அந்த வருடம் நோன்பு தொடங்கின நாட்களில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். லாச்சியை இழுத்தார், மூடினார். "பிள்ளை, கோவிக்காதை. பெருநாள் வரைக்கும் பாப்பன். அதுக்குப் பிறகும் முன்பாயில விக்க வராட்டி என்னாலை வைச்சிருக்கேலாது."

நான் தலையாட்டினேன். அரிசியோடு வந்த தமையனிடமும் அதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. பெருநாள் முடிய வண்டில் கொண்டு வாறன். பெட்டியைக் கட்டி வை."

அந்த நோன்பு நாட்களில்தான் ஒரு பகல், மூதூரில் இருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். முஸ்லிம் பெண்களை நாங்கள் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அந்த ராத்தா முக்காட்டுக்குள் இருந்து பார்த்த பார்வையிலேயே களைப்பு. பெருநாள் கழிந்து மகளுக்குக் கலியாணம், அதற்குத் துணி பார்க்க வந்தோம் என்றார். பழைய ஆளுக்குக் கலியாணம் என்ற சொல் போதும். அலுமாரி முழுவதும் இறங்கியது. "நோன்பு காலத்தில எங்கட கலருக்குத்தான் வேலையில்லை," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்துவிட்டு, அதற்கும் சேர்த்து விரித்தார். பட்டு, வொயில், ஓர்கண்டி, சீத்தை. தாயும் மகளும் அந்தக் குவியலின் கரையில், அலை அடித்து ஒதுக்கின மாதிரி இருந்தார்கள்.

சாப்பாட்டு நேரம் வந்ததும் பழைய ஆள் எழும்பினார். "யோசியுங்கோ ராத்தா, யோசியுங்கோ. யோசிச்சு யோசிச்சு லோஞ்சை விட்டால் இஞ்ச பாயில இருந்துதான் நோன்பு துறக்கவேணும்!" என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிப் போனார்.

அவர்களுக்கு முன்னால் நான் மட்டும். ராத்தா ஒரு துணியைத் தொட்டார், விட்டார். இன்னொன்றைத் தொட்டார். மகள் வாசலையே பார்த்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். சொல் வரவில்லை. கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்று, முழங்காலுக்குக் கிட்டக் கிடந்த துணியின் கரையைப் பிடித்து மடிக்கத் தொடங்கினேன். கரையோடு கரை சேர்த்து, நீவி, மறுபடி மடித்து, கட்டாக்கிப் பக்கத்தில் வைத்தேன். பிறகு அடுத்தது. மேலே பலகையில் வெளிச்சம் இன்னும் வந்து சேரவில்லை. கடை அமைதியாக இருந்தது. துணி மடிகிற சின்னச் சத்தம் மட்டும். குவியல் மெல்ல மெல்லக் குறைந்தது, வற்றுக்கடல் மாதிரி. கடைசித் துணியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது வெள்ளை விரிப்பு சுத்தமாக எங்களுக்கு நடுவில் கிடந்தது.

ராத்தா பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "அல்லாஹ்வே! நீங்க மடிச்ச பொறகுதான் புள்ள எனக்கு மூச்சு வருது."

மகள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"ஒண்டும் எடுக்காமப் போனாக் கோவிப்பீங்களா?" என்று அவர் கேட்டார்.

என் வாயில் இருந்து அப்போது வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை. "பாத்திட்டுப் போங்கோ, எடுக்க வேணுமெண்டில்லை. லோஞ்சுக்கு நேரம் கிடக்கு. மெல்ல நடந்தே போகலாம்."

அவர்கள் மெல்ல நடந்தே போனார்கள். முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். லாச்சி அறைந்து மூடியது.

"வந்த சனத்தை வழியனுப்பவோ உனக்குச் சம்பளம்?"

பழைய ஆள் வந்து கதையைக் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "முதலாளி, தங்கச்சியை இறங்குதுறையில நிப்பாட்டுங்கோ. லோஞ்சுக்கு ஆள் ஏத்தத்தான் சரி!"

நான் திரைக்குப் பின்னால் போய் நின்றேன். அழுகை வரவில்லை. அந்த ராத்தா விட்ட மூச்சு மட்டும் காதில் இருந்தது.

பிறகொரு நாள் ராத்தா தனியே வந்தார். "மடிக்கிற புள்ள எங்க?" என்று முதலாளியிடமே கேட்டார். என் அருகில் வந்து இருந்து, அன்று மகள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு துணி, ஏதோ பச்சை மாதிரி, அதை மட்டும் காட்டச் சொன்னார். அதை மட்டும் எடுத்தேன். மடிப்பைக் கூட முழுக்கப் பிரிக்கவில்லை.

"இது பச்சையா புள்ள, நீலமா?"

கடைக்குள் எரிந்த மஞ்சள் பல்பில் அது பச்சை. ஆனால் அந்தத் துணியை நான் எல்லா நேரத்திலும் பார்த்தவள். காலையில் ஒரு நிறம், பலகையில் வெளிச்சம் நெளிகிற நேரம் இன்னொன்று. சொல்லத் தெரியாததால் எழும்பி, துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். பின்னால் பழைய ஆள் தொண்டையைச் செருமிச் செருமிச் சைகை காட்டினார். துணியை வாசலுக்குக் கொண்டுபோவது எங்கள் கடையில் வழக்கமில்லை. எந்தத் துணிக்கும் உள்ளேதான் அழகு என்பது அவருடைய எண்ணம்.

துறைமுக வெளிச்சம் அதில் விழுந்தது. அந்த நேரத்தில் துணி என் கையில் இருக்கவில்லை, கடலில் ஒரு முழம் வெட்டி எடுத்துப் பிடித்திருந்த மாதிரி இருந்தது. ராத்தாவும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுகளைப் போல மான்களும் திரியும். கடை நிழலில் படுத்திருந்த ஒன்று எழும்பி வந்து துணியின் தொங்கலை முகர்ந்து வாயில் வைத்தது. நான் இழுக்க, அது இழுக்க, ராத்தா குடையால் அதைத் தட்டிக் கலைத்தார். "மானுக்குப் புடிச்சிருக்கு," என்று சிரித்தார். பிறகு துணியை ஒருமுறை தடவிவிட்டுச் சொன்னார்: "நீலம்தான். அவளுக்கு நீலம் விருப்பமில்ல புள்ள. போயித்து வாறன்."

அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்குதுறைப் பக்கம் போனார். நான் ஈரத் தொங்கலோடு உள்ளே வந்தேன்.

"வாசலுக்குக் கொண்டுபோய்க் காட்டி விக்காமல் வந்த ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றார் முதலாளி. கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. முடிவெடுத்தவருடைய குரல் அது.

அன்று வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினேன். என் கணவருடைய பழைய சாரம், படக் கடுதாசிகள், என் சேலைகள். கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்டு யன்னலுக்குக் கீழே வைத்தேன். கொடிமரத் தலைகள் வெளியே மெல்ல ஆடின.

பெருநாளுக்கு முந்தின நாட்களில் தெரு நிரம்பி வழியும். அப்படி ஒரு நாள் லோஞ்ச் வந்த சற்று நேரத்தில், கடை வாசலில் முக்காடுகளாகத் தெரிந்தது. அந்த ராத்தா, மகள், ராத்தாவின் தங்கைமார், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள், இன்னும் யார் யாரோ. பழைய ஆள் கையைத் தேய்த்துக்கொண்டு முன்னால் பாய்ந்தார். "வாங்கோ ராத்தா, வாங்கோ, வாங்கோ!" ஒரு கட்டு ஏற்கெனவே காற்றில் பறந்தது.

ராத்தா கையை உயர்த்தினார். "நீங்க விரிக்காதீங்க அண்ணன். விரிச்சா எங்களுக்கு நெஞ்சடைக்கும். அந்தப் புள்ள காட்டட்டும்."

"அவவுக்குக் கதை வராது ராத்தா!"

"கதை எங்களுக்கிட்ட இரிக்கு. நாலு லோஞ்சில ஏத்தலாம். துணிதான் வேணும்." பின்னால் வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ராத்தா அவர்கள் பக்கம் திரும்பி, "நீலத்த நீலமெண்டு வெளிச்சத்தில கொண்டுபோய்க் காட்டின புள்ள. பச்சையெண்டு சொல்லி என் தலையில கட்டியிருக்கலாம்," என்றார்.

அன்று பகல் முழுவதும் ஒரு கனவு போலத்தான் என் நினைவில் இருக்கிறது. அவர்கள் ஒன்றைக் கேட்பார்கள், நான் எடுப்பேன். பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தால், அவர்கள் சொல்வதற்கு முன்பே மடித்துவிடுவேன். பிடித்தால் வாசலுக்கு. கடைசியில் பழைய ஆளே கட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அலுமாரிக்கும் நடந்தார். "கடையே தெருவுக்கு வந்திட்டுது முதலாளி, இனிப் பேர்ப் பலகையை மட்டும் உள்ளுக்கு வையுங்கோ!" முதலாளி லாச்சியைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழும்பி நின்று, "மானைக் கலையுங்கோ! மானைக் கலையுங்கோ!" என்று கத்திக்கொண்டிருந்தார். மணப்பெண்ணுக்கு மாதுளம்பூ நிறம் அமைந்தது. வெளிச்சத்தில் அதை அவள் தோளில் வைத்துப் பார்த்தபோது, அந்தக் கூட்டமே ஒரு நிமிடம் கதையை நிறுத்தியது.

லோஞ்சுக்கு நேரமாவதை நான்தான் நேரத்தோடு சொன்னேன். எடுக்காமல் விட்டவை இன்னும் இருந்தன. "அது கிடக்கட்டும், போயிட்டு வாங்கோ," என்றேன்.

பெருநாள் முடிந்து தமையன் வண்டிலோடு வந்தார். நான் கடையில் இருக்கிறேன் என்று கேட்டு அங்கே வந்து நின்றார். முதலாளி அவரைக் கதிரையில் இருத்தி, "வண்டிலில நெல்லை ஏத்துங்கோ தம்பி. பிள்ளையை விடேலாது," என்றார். பழைய ஆள் ஒரு கலர் வரவழைத்துக் கொடுத்தார். தமையன் அதைக் குடித்தார். குடித்த பிறகு அவராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பின்னேரம் பெட்டியை அவிழ்த்து, கயிற்றை மட்டும் சுருட்டி வண்டிலில் போட்டுக்கொண்டு தம்பலகாமம் போனார்.

பிறகு முன்பாயில் என் பக்கம் என்று ஒன்று உண்டாயிற்று. எல்லா நாளும் விற்றதாகச் சொல்லமாட்டேன். காலையில் இருந்து பின்னேரம் வரை மடித்ததுதான் மிச்சம் என்ற நாட்களும் இருந்தன. எடுக்காமல் போய் எடுக்காமலே விட்டவர்களும் உண்டு. ஆனால் போகும்போது அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடவில்லை. அடுத்த முறை எங்கள் கடையைக் கண்டால் தெருவின் மறுபக்கத்தால் போகவில்லை. நிலாவெளியில் இருந்து வருகிற மீன்காரப் பெண்கள் ஒன்றும் எடுக்காத நாளிலும் வந்து, கூடையை வாசலில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் போனார்கள். பழைய ஆள் விரிப்பதை விடவில்லை. ஆனால் ஆள் அசையாவிட்டால், "தங்கச்சி, வந்து ஒருக்கால் மடியுங்கோ, பாப்பம்," என்று கூப்பிடுவார். தானும் மடித்துப் பார்த்தார். சரிவரவில்லை. மடிக்கும்போதும் அவருடைய கண், "எடுக்கிறியோ, எடுக்கிறியோ" என்று வந்தவர் முகத்தையே கேட்டுக்கொண்டிருக்கும்.

அப்படிச் சில வருடங்கள் போயின. கப்பல்கள் வந்தன, தேயிலை ஏற்றின, போயின. முதலில் ஒவ்வொரு கப்பலுக்கும் வாசலுக்கு வந்து பார்த்தேன். பிறகு சத்தத்தை மட்டும் கேட்டேன். நம்பிக்கை போய்விட்டது என்று இல்லை. அதையும் மடித்து வைத்திருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

ஒரு பிற்பகல். பின்னேர லோஞ்ச் போய்விட்டது. மேலே பலகையில் வெளிச்சம் நெளிந்து கொண்டிருந்தது. நான் குனிந்து, அன்றைக்குப் பழைய ஆள் விரித்துவிட்ட குவியலை மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது.

"வாங்கோ. பாத்திட்டுப் போங்கோ, எடுக்க வேணுமெண்டில்லை," என்றேன். நிமிரவில்லை. அந்த நேரத்தில் வாய் தானாகச் சொல்லும்.

நிமிர்ந்து பார்த்தேன். பின்னால் கடல் வெளிச்சம் என்பதால் முகம் கறுப்பாக, உருவம் மட்டும். தோளில் பை. பையின் வாரைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில், கப்பற்படைக் குசினியில் எண்ணெய் தெறித்துச் சுட்ட தழும்பு.

"பாக்கத்தான் வந்தனான்," என்றார் அவர்.

பழைய ஆள் எழும்பினார். வாழ்நாளில் முதல் முறையாக அவருக்குக் கதை வரவில்லை. கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு செருப்பும் போடாமல் தெருவுக்கு ஓடினார். தேத்தண்ணிக் கடைப் பக்கம் இருந்து அவருடைய குரல் கேட்டது. "ஒரு கலர்! கெதியாத் தாங்கோ, கெதியா! ஆள் எழும்பிப் போகப்போகுது!"

என் கணவர் கதிரையில் இருந்தார். மெலிந்திருந்தார். கலரைக் கையில் வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டு சொன்னார்: "கப்பல் நாளைக்கு முற்பகல் போகுது. திரும்ப வாறியோ எண்டு கேட்டிருக்கினம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். பழைய ஆள் வாசலில் நின்று, 'சொல்லுங்கோ, சொல்லுங்கோ' என்று தலையை ஆட்டினார்.

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. நின்றுபோன கடுதாசிகள், கட்டி அவிழ்த்த பெட்டி, மழைக்காலங்களில் தனியாக ஒழுகின கூரை, தமையன் குசினி வாசலில் நின்ற நிலை. எல்லாவற்றையும் அந்தப் பாயில் விரித்திருக்கலாம். விரித்தால் அவர் வெட்கப்படுவார். வெட்கப்பட்டால் நிற்பார். அது எனக்குத் தெரியும். அந்தப் பாடத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் வாசலிலேயே நின்றார்.

நான் கையில் இருந்த துணியின் கரையைக் கரையோடு சேர்த்தேன். நீவினேன். மடித்து வைத்தேன்.

"சாப்பிட்டியளோ?" என்று கேட்டேன்.

அவர் கலரைக் குடித்தார். ஏன் எழுதவில்லை என்று அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. வெகுகாலம் கழிந்து தானாக ஒருநாள் சொன்னார், கொண்டுவர ஒன்றும் இல்லாமல் எழுத வெட்கமாக இருந்தது என்று.

அடுத்த நாள் காலையில் அவர் நித்திரையாக இருந்தார். எழுப்பவில்லை. அறைப் பூட்டின் திறப்பை யன்னல் ஓரத்தில், கண்ணில் படும்படி வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். அவருடைய பை பெட்டிக்குப் பக்கத்தில் கட்டியபடியே கிடந்தது. என்னத்துக்கு நான் ஒன்றும் கேட்காமல் போனேன் என்று இன்றைக்கும் சில வேளை யோசிப்பேன். கூச்சமா, பயமா, கடைப் பழக்கமா, தெரியாது. மூன்றும் தான் போல.

கடை வாசலில் இருந்து அந்தக் கப்பல் தெரிந்தது. நான் பாயில் முதுகைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். யாரோ வந்தார்கள், ஏதோ கேட்டார்கள், காட்டினேன். கப்பல் கூவியது. அந்தச் சத்தம் நிலத்தால் வந்து, பாயால் ஏறி, முழங்காலில் தெரிந்தது. நான் அளந்துகொண்டிருந்த துணியை அளந்து முடித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து உப்புவெளிப் பெண் ஒருத்தி ஒரு துணியை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றாள். எழும்பி வாசலுக்குக் கொண்டுபோனேன். கப்பல் நின்ற இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது, மினுமினுத்துக்கொண்டு.

"என்ன வடிவான நிறம்!" என்றாள் அவள்.

எனக்கு எந்த நிறமும் தெரியவில்லை. "பாருங்கோ. எடுக்க வேணுமெண்டில்லை," என்றேன்.

பழைய ஆள் என் கையில் இருந்து துணியை வாங்கினார். "நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் போய்ச் சாப்பிட்டு வாங்கோ தங்கச்சி." பகிடி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அவரும் தண்ணீரைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது.

ஒழுங்கையால் நடந்தேன். வெயில் வெள்ளையாக இருந்தது. மதில் நிழலில் மான்கள் படுத்திருந்தன. பாதி ஒழுங்கையில் ஒரு மணம் வந்தது. தேங்காய்ப்பால், மிளகு, பொரிந்த வெங்காயம். அந்த மணம் யாருடைய வீட்டில் இருந்தும் வரலாம். அது என் வீட்டு மணம் இல்லை. நான் மிளகை அப்படி அள்ளிப் போடுவதில்லை.

கதவு திறந்திருந்தது. குசினிக்குள் அவர், பழைய சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அகப்பையோடு நின்றார். என்னுடைய சின்ன அடுப்புக்கு முன்னால், ஒரு கப்பலுக்குச் சமைக்கிறவர் மாதிரி வேர்த்துக்கொண்டு.

"கப்பல்?" என்றேன்.

"அது போயிட்டுது," என்றார், சட்டியைக் கிளறிக்கொண்டே.

நான் குசினி வாசலில் நின்றேன். அவர் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு, மீன் கறியை ஊற்றி, என் முன்னால் நீட்டினார். முந்தின நாள் கடையில் கேட்ட என் குரலை அப்படியே பிடித்து, தலையைக் குனிந்து, நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"வாங்கோ. பாத்திட்டுப் போங்கோ. சாப்பிட வேணுமெண்டில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு மற்றதும் வந்தது. அந்தக் குசினி நிலத்திலேயே இருந்து சாப்பிட்டேன். அவர் எதிரே குந்தியிருந்து என் முகத்தையே பார்த்தார். கடல் நடுவில் பலருக்குப் போட்டுப் பழகின கை. கறியில் உப்புக் கொஞ்சம் கூடத்தான். நான் அதைச் சொல்லவில்லை. இன்னொரு தரம் போடுங்கோ என்று கோப்பையை நீட்டினேன்.